யாருடைய முகத்துக்குக் கேடயம்?

நேமத்தான்பட்டியில் போன மாதம் ஒரு சின்னக் கூட்டம். கூட்டம் என்றால் மேடை, மைக், துண்டு எதுவும் இல்லை. பத்துப் பதினைந்து பேர், ஒரு வேப்பமரம், ஒரு தூக்குவாளி டீ. நம் பத்திரிகையைப் படிக்கிற மாணவர்கள் சிலர் காரைக்குடியிலிருந்து சைக்கிளிலும் பஸ்ஸிலும் வந்திருந்தார்கள். அந்தப் பக்கம் பூட்டிக் கிடக்கிற பெரிய பெரிய வீடுகள். பர்மா தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் பார்க்க வெளிநாட்டுக்காரன் வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறான். அந்த வீடுகளுக்குச் சுண்ணாம்பு குழைத்த கை எது, தேக்கு சுமந்த தோள் எது என்று எந்தச் சுற்றுலாக் கையேட்டிலும் எழுதவில்லை. இது நமக்குப் புதிய செய்தி அல்ல. ஆனால் அன்றைக்கு நாம் பேசியது வீடுகளைப் பற்றி அல்ல, முகக் கேடயத்தைப் பற்றி.

பேச்சை ஆரம்பித்தது ஒரு தையல்கார அக்கா. 2020-இல் கொரோனா வந்த நேரம், அவருடைய வீட்டுக்காரர் ஓர் ஆஸ்பத்திரியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை. (எந்த ஆஸ்பத்திரி, எந்த ஊர் என்பதை விட்டுவிடுவோம். அது எல்லா ஊரிலும் நடந்ததுதான்.) கொரோனா வார்டைக் கூட்டுவது, ஊசி பஞ்சு அள்ளுவது, பொணத்தைக் கட்டித் தருவது எல்லாம் அவர் தலையில். கையில் கொடுத்தது ஒரு துணி மாஸ்க். அக்கா என்ன செய்தார்? ஜெராக்ஸ் கடையில் புத்தகம் பைண்டு பண்ண வைத்திருக்கிற கண்ணாடித் தாளைப் பத்து வாங்கினார். பழைய ரப்பர் செருப்பை அறுத்து நெற்றியில் படுகிற இடத்துக்கு மெத்தை. பாவாடைக்குப் போடுகிற எலாஸ்டிக். செல்போனில் பக்கத்து வீட்டுப் பையன் காட்டிய படத்தைப் பார்த்து ஒரே ராத்திரியில் பத்து முகக் கேடயம். வீட்டுக்காரருக்கும் கூட வேலை பார்க்கிறவர்களுக்கும்.

மறுநாள் அதை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனபோது மேஸ்திரி கேட்டது: "டாக்டரே இது இல்லாம நிக்கிறாரு, ஒங்களுக்கு எதுக்குய்யா? கழட்டி நர்சம்மாகிட்ட குடு. ஒங்க ஆளுகளுக்குத்தான் எதுவும் ஒட்டாதே!"

அக்கா இதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "குடுத்துட்டு வந்துட்டாரு தம்பி. நர்சம்மாவும் பாவந்தான, அதுக்கும் இல்ல. நான் திரும்பப் பத்து தச்சேன்."

இந்தப் பத்துக் கேடயத்துக்கும், 'ஒங்க ஆளுகளுக்கு எதுவும் ஒட்டாது' என்கிற அந்த ஒரு வாக்கியத்துக்கும் நடுவில்தான் இந்தத் தலையங்கம்.

*

முதலில், பாராட்ட வேண்டியதைப் பாராட்டிவிடுவோம். 2020 மார்ச் 3-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் ஓர் எச்சரிக்கை விட்டது. நோயோடு போராட மாதம் 8.9 கோடி மருத்துவ முகக்கவசம், 7.6 கோடி கையுறை, 16 லட்சம் கண்ணாடி வேண்டும், உற்பத்தியை 40 சதவீதம் கூட்டினால்தான் சமாளிக்கலாம் என்றது. உலகச் சந்தை, தாராளமயம், 'தேவையைச் சந்தை பார்த்துக்கொள்ளும்' என்று முப்பது வருடமாக நமக்குப் பாடம் நடத்தியவர்களின் கடையில் அன்றைக்கு ஒரு ரப்பர் கையுறை இல்லை. பணக்கார நாட்டு நர்சுகள் குப்பைப் பையைக் கிழித்து மேலே மாட்டிக்கொண்டு நின்ற படங்களைப் பார்த்தோம்.

அப்போது கம்பெனிக்காரனுக்கு முன்னால் வந்தவர்கள் யார்? பொழுதுபோக்குக்காக வீட்டில் முப்பரிமாண அச்சு இயந்திரம் வைத்திருந்தவர்கள். பொம்மையும் பூச்சாடியும் அச்சடித்துக் கொண்டிருந்தவர்கள். செக் நாட்டில் புரூசா என்கிற அச்சு இயந்திரக் கம்பெனி அந்த மார்ச்சிலேயே சில நாட்களுக்குள் ஒரு முகக் கேடயத்தின் வரைபடத்தைத் தயாரித்து, காப்புரிமை எதுவும் கேட்காமல் உலகத்துக்கே திறந்துவிட்டது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், அடிக்கலாம். நெற்றிப் பட்டை ஒன்று, கண்ணாடித் தாள் ஒன்று, எலாஸ்டிக் ஒன்று, அவ்வளவுதான் சமாச்சாரம். பம்பாயில் மேக்கர்ஸ் அசைலம் என்ற பட்டறைக்காரர்கள் எம்-19 என்று பெயர் வைத்து ஆரம்பித்தார்கள். அச்சு இயந்திரத்தில் ஒரு பட்டை வர மணிக்கணக்காகும் என்பதால் லேசர் வெட்டுக்கு மாறினார்கள். ஊர் ஊராக ஆள் சேர்ந்தது. 42 ஊர்களில், 49 நாட்களில், 10 லட்சம் முகக் கேடயம். பெரிய தொழிற்சாலை கிடையாது, முதலாளி கிடையாது, டெண்டர் கிடையாது. ஊரடங்கில் சிறு பட்டறைகளும் கல்லூரி ஆய்வுக்கூடங்களும் தையல் மிஷின்களும் சேர்ந்து செய்த வேலை இது.

முழு உடல் அங்கி கதையும் அப்படித்தான். 2020 தொடக்கத்தில் இந்த நாட்டில் அதைத் தைக்கிற தொழில் இல்லை என்றே சொல்லலாம். மே மாதத்துக்குள் ஒரு நாளைக்கு 4 லட்சத்துக்கு மேல் தைத்தார்கள். அங்கி தைப்பது ஜாக்கெட் தைப்பது போல அல்ல. ஊசி போன ஒவ்வொரு ஓட்டையும் கிருமிக்கு வாசல். அதனால் தையல் மேல் சூடு காட்டி நாடா ஒட்ட வேண்டும். கோயம்புத்தூரில் சிட்ரா என்னும் ஜவுளி ஆராய்ச்சி நிலையத்தில் செயற்கை ரத்தத்தைத் துணி மேல் அழுத்திப் பார்த்து, கசியவில்லை என்றால்தான் சான்றிதழ். இதையெல்லாம் இரண்டே மாதத்தில் இந்த நாடு கற்றுக்கொண்டது. ஆக, முடியும். மனம் வைத்தால் அறிவும், இயந்திரமும், காசும், ஆராய்ச்சி நிலையமும் வரிசையாக வந்து நிற்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் தோழர்களே, பின்னால் வேண்டியிருக்கிறது.

*

இந்தக் கேடயங்கள் யாருக்கு என்று கேட்டால் 'சுகாதாரப் பணியாளர்களுக்கு' என்று பதில் வரும். நல்லது. யார் சுகாதாரப் பணியாளர்? டாக்டர், நர்ஸ், லேப் டெக்னீசியன். சரி. வார்டைக் கழுவுகிற ஆயா? பொணத்தை மூட்டை கட்டுகிறவர்? நோயாளி வீட்டு வாசலில் குப்பை எடுத்தவர்? சுடுகாட்டில் ராத்திரி பகலாக எரித்தவர்? சாகிற ஆபத்தில் இவர்கள் கடைசி வரிசை இல்லை, முதல் வரிசை. கேடயம் கொடுக்கிற பட்டியலில் மட்டும் கடைசி வரிசை.

2020 மார்ச்சில் மத்திய அரசு அறிவித்த 50 லட்சம் ரூபாய் காப்பீட்டில் ஆஸ்பத்திரித் துப்புரவுப் பணியாளர் பேரும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் செத்த பிறகு வருகிற பணம் வேறு, சாகாமல் இருக்கக் கொடுக்கிற கையுறை வேறு. மார்ச் 22-ஆம் தேதி சாயங்காலம் 5 மணிக்கு நாடே தட்டைத் தட்டியது. மே 3-ஆம் தேதி ஹெலிகாப்டரிலிருந்து ஆஸ்பத்திரிகள் மேல் பூத் தூவினார்கள். பல ஊர்களில் துப்புரவுத் தொழிலாளிக்கு மாலை போட்டார்கள், காலைக் கழுவினார்கள், போட்டோ எடுத்தார்கள். தமிழ்நாட்டில் அந்த வருடம்தான் 'துப்புரவுப் பணியாளர்' என்பதைத் 'தூய்மைப் பணியாளர்' என்று பெயர் மாற்றினார்கள். பேர் மாறியது, மாலை விழுந்தது, காலும் கழுவியாச்சு. கையுறை எங்கெ? அக்கா வீட்டுக்காரர் கேட்ட கேள்வி இதுதான்.

'ஒங்க ஆளுகளுக்கு எதுவும் ஒட்டாது.' இந்த வாக்கியத்தைச் சும்மா ஒரு மேஸ்திரியின் திமிர் என்று தள்ளிவிட முடியாது. இது ஒரு தத்துவம். நம் உடம்பை மனித உடம்பாகப் பார்க்காத தத்துவம். நாம் தொட்டால் தீட்டு ஒட்டுமாம், ஆனால் நோய் மட்டும் நமக்கு ஒட்டாதாம்! பரவுகிறபோது மட்டும் உடம்பு, பாதுகாக்கிறபோது அது வெறும் கருவி. துடைப்பத்துக்கு யாராவது மாஸ்க் போடுவார்களா?

அதே வருடம் ஏப்ரலில் சென்னையில் டாக்டர் சைமன் ஹெர்குலஸ் கொரோனாவில் இறந்தபோது அவர் உடலைப் புதைக்க விடாமல் கல்லால் அடித்தார்கள். நாடே அதிர்ந்தது, அதிரத்தான் வேண்டும். மருத்துவர்களைத் தாக்கினால் தண்டனை என்று அதே மாதம் அவசரச் சட்டம் வந்தது, வரத்தான் வேண்டும். ஆனால் பிணத்துக்குப் பாதை மறுப்பது, இடுகாட்டுக்கு இடம் மறுப்பது, தொட்டவனை ஒதுக்குவது எல்லாம் சேரிக்கு என்ன புதுசா? ஒரு மருத்துவருக்கு ஒரு ராத்திரி நேர்ந்தது, நம் சனங்களுக்கு ஒவ்வொரு சாவுக்கும் நேர்கிறது. அதற்கு அவசரச் சட்டம் வரவில்லை, இருக்கிற சட்டத்தையே தூசி தட்ட ஆள் இல்லை.

*

முகக்கவசத்தின் வரலாற்றையும் கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். 1910-11-இல் சீனாவின் மஞ்சூரியாவில் நுரையீரல் கொள்ளைநோய். அதை அடக்கப் போனவர் வூ லியன்-தே. பினாங்கில் 1879-இல் பிறந்தவர். இந்தச் செட்டிநாட்டிலிருந்து வட்டிக் கடை வைக்கப் போனவர்களும், தமிழ்நாட்டுச் சேரிகளிலிருந்து தோட்டக் கூலிக்குப் போனவர்களும் கரையிறங்கிய அதே பினாங்கு. நோய் காற்றில் பரவுகிறது என்று அவர் சொன்னார். பஞ்சையும் மெல்லிய துணியையும் அடுக்கி, எந்த ஊரிலும் கையால் செய்யக்கூடிய ஒரு முகக்கவசத்தை வடிவமைத்தார். மெஸ்னி என்ற பிரெஞ்சு மருத்துவர், ஒரு சீனன் எனக்குச் சொல்லித்தருவதா என்று இழிவாகப் பேசி, கவசம் போடாமல் வார்டுக்குள் போனார். சில நாட்களில் செத்துப்போனார். ஆணவம் கிருமியை விடப் பெரிய நோய் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். இழிவுபடுத்தப்பட்டவனின் கையில் அறிவு இருக்க முடியாது என்று நம்பியவன் அந்த நம்பிக்கையாலேயே செத்தான்.

அதற்கும் முன்னால் 1897-இல் பூனாவில் பிளேக் வந்தபோது, ஊர் ஒதுக்கிய நோயாளிகளைத் தூக்கிக்கொண்டு போய் மகன் யஷ்வந்த் நடத்திய சிகிச்சை முகாமில் சேர்த்தவர் சாவித்திரிபாய் பூலே. நோய் தொற்றி அந்த மார்ச் 10-ஆம் தேதி இறந்தார். அவரிடம் கேடயம் இல்லை. 'ஒட்டாது' என்று அவர் நினைக்கவும் இல்லை. ஒட்டும் என்று தெரிந்தே தொட்டார். தொடுவதை அரசியலாக்கிய பரம்பரை நம்முடையது.

*

இப்போது ஆரம்பத்தில் நினைவில் வைக்கச் சொன்ன கணக்குக்கு வருவோம். முகக் கேடயத்துக்குச் சில நாட்கள். 10 லட்சம் செய்ய 49 நாட்கள். அங்கி தைக்கக் கற்க இரண்டு மாதம். மலக்குழியில் மூச்சு முட்டிச் சாகிறவனுக்கு?

கையால் மலம் அள்ளத் தடைச் சட்டம் 1993-இல் வந்தது. இருபது வருடம் கழித்து 2013-இல் இன்னொரு சட்டம். 2014 மார்ச் 27-இல் உச்சநீதிமன்றம், குழியில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் கொடு என்றது. 2023 அக்டோபர் 20-இல் அதை 30 லட்சமாக்கியது. 2025 ஜனவரியில் சென்னை உள்ளிட்ட ஆறு பெருநகரங்களில் மனிதரை இறக்கிச் சாக்கடை சுத்தம் செய்வதை நிறுத்து என்று மறுபடி உத்தரவிட்டது. ஒவ்வொரு முறையும் நஷ்டஈடு ஏறுகிறது, குழி மட்டும் அப்படியே இருக்கிறது. ஏன் இதற்கு ஒரு 49 நாள் வரவில்லை? தொழில்நுட்பம் இல்லையா? சந்திரனுக்கு விடுகிற நாட்டில் சாக்கடைக்கு விட ஆள்தான் கிடைக்கிறதா? கொரோனா எல்லோரையும் கொல்லும் என்ற பயம் இருந்தது, அதனால் அறிவு ஓடி வந்தது. குழி ஒரு சாதியை மட்டும் கொல்லும் என்று தெரியும், அதனால் அறிவு நடந்துகூட வரவில்லை. வேகம் என்பது தொழில்நுட்பத்தின் குணம் இல்லை தோழர்களே, அது சமூகத்தின் முடிவு.

இங்கே நம் இளைஞர்கள் ஒரு பொறியில் சிக்கக்கூடாது. அன்றைய கூட்டத்தில் பாலிடெக்னிக் படிக்கிற ஒரு தம்பி உற்சாகமாகச் சொன்னான்: "அண்ணே, மலக்குழிக்கு நல்ல டிரஸ்ஸும் மாஸ்க்கும் நாமளே டிசைன் பண்ணுவம்ணே." மனசு நல்ல மனசு. ஆனால் யோசிக்க வேண்டும். குழிக்குள் இருக்கிற ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மோப்பமே செத்துவிடும், ஆள் விழுந்துவிடுவான். துணி மாஸ்க்கோ முகக் கேடயமோ வாயுவைத் தடுக்காது. அதைவிட முக்கியம், 2013 சட்டம் 'ஆபத்தான சுத்திகரிப்பு' என்று எதைச் சொல்கிறது? பாதுகாப்புச் சாதனம் இல்லாமல் இறக்குவதை. அப்படியானால் சாதனம் கொடுத்துவிட்டால் இறக்கலாம் என்று சந்து வைத்திருக்கிறார்கள். விதிகளில் சாதனங்களின் நீண்ட பட்டியல் வேறு. ஒப்பந்தக்காரன் ஒரு ஜோடி பூட்ஸைக் காட்டிவிட்டு உள்ளே தள்ளுவான்.

டாக்டருக்குக் கேடயம் கொடுத்தால் அவர் தன் தொழிலை மரியாதையோடு தொடரலாம். குழிக்காரனுக்குக் கேடயம் கொடுத்தால் சாதிதான் தன் தொழிலைத் தொடரும். இரண்டும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரி வார்டுக்கும், குப்பை வண்டிக்கும், சுடுகாட்டுக்கும் கையுறை, பூட்ஸ், கண்ணாடி கேட்போம், சண்டை போட்டு வாங்குவோம், நாமே செய்தும் கொடுப்போம். குழிக்கு உடை கேட்க மாட்டோம். குழியில் மனிதன் இறங்கக்கூடாது, அவ்வளவுதான்.

இறங்காமல் முடியுமா என்றால் முடியும் என்று காட்டியவர்களும் இருக்கிறார்கள். கேரளத்தில் பொறியியல் மாணவர்களாக இருந்து ஒன்றுசேர்ந்த ஜென்ரோபோட்டிக்ஸ் இளைஞர்கள் செய்த பேண்டிகூட் இயந்திரம் 2018-இல் திருவனந்தபுரத்தில் குழிக்குள் இறங்கியது. ஐதராபாத்தில் 2017-லும் தில்லியில் 2019-லும் சந்துகளில் நுழைகிற சிறிய சாக்கடை வண்டிகளை வாங்கி, தலித் உரிமையாளர்களிடமும் தொழிலாளர் குடும்பங்களிடமும் கொடுத்தார்கள். நல்ல ஆரம்பம். ஆனாலும் கேள்வி மிச்சம் இருக்கிறது. இயந்திரம் வந்தபிறகும் அதை ஓட்ட நம் பிள்ளையையே தேடுவது ஏன்? அம்பேத்கர் 1936-லேயே சொல்லிவிட்டார், சாதி என்பது வேலையைப் பிரிப்பது அல்ல, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்கி வைப்பது என்று. அடுக்கு அப்படியே இருக்க, துடைப்பத்தை மட்டும் ரோபோவாக மாற்றுவது விடுதலை ஆகாது. பாதி வழிதான் ஆகும்.

*

'பொழுதுபோக்குக்காகச் செய்கிறவர்கள்' என்ற சொல்லையும் கொஞ்சம் உரசிப் பார்க்கலாம். பொழுது யாருக்கு இருக்கிறது? போக்குவதற்குப் பொழுதும், வாங்குவதற்கு இயந்திரமும் இருந்தவர்கள் செய்தால் அது 'புதுமை', 'கண்டுபிடிப்பு'. செருப்பு மெத்தையை அறுத்து நெற்றிப் பட்டை செய்த அக்கா செய்தது வெறும் 'கைவேலை'. தோலைப் பதமாக்கியவன், பறைக்குச் சூடு காட்டிச் சுருதி சேர்த்தவன், முறத்தையும் கூடையையும் அளவில்லாமலே அளவாய் முடைந்தவன் எல்லாம் பொறியாளன் இல்லையாம். கையை மூளையிலிருந்து வெட்டிப்போட்டதுதான் பார்ப்பனியம் இந்த நாட்டுக்குச் செய்த பெரிய கேடு. ஒரு பேரிடர் வந்து, படித்தவனும் கையால் செய்தால்தான் பிழைப்பான் என்று ஆனபோது அந்த வெட்டு ஒரு நிமிடம் தெரிந்தது. பிறகு மூடிக்கொண்டது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லாமல் விட்டால் யோக்கியம் இல்லை. ஊரடங்கில் நாமும் அரிசி கொடுத்தோம், கண்டனம் எழுதினோம், முகநூலில் கொதித்தோம். எத்தனை பேர் துப்புரவுத் தொழிலாளி வீட்டுக்குப் போய், 'ஒங்களுக்கு என்ன வேணும்' என்று கேட்டோம்? தமிழ்நாட்டில் இந்த வேலையில் அதிகம் தள்ளப்பட்டிருப்பவர்கள் அருந்ததியர். 'தலித்' என்று நாம் உரக்கச் சொல்கிறபோது அந்தக் குரலுக்குள் அவர்கள் இருக்கிறார்களா? நாமும் ஒரு திண்ணை உயரத்தில் உட்கார்ந்துகொண்டு கீழே பார்க்கிறோமா? பதிலை அவரவர் நெஞ்சில் தேடுங்கள்.

2025 ஆகஸ்டில் சென்னை ரிப்பன் கட்டிடத்துக்கு வெளியே இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலத் தூய்மைப் பணியாளர்கள், பெரும்பாலும் பெண்கள், தனியாரிடம் எங்களைத் தள்ளாதே என்று 13 நாள் உட்கார்ந்தார்கள். கொரோனாவில் வேலை பார்த்தோமே, வெள்ளத்தில் வேலை பார்த்தோமே என்று கேட்டார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் போலீஸ் அவர்களைத் தூக்கிப் போனது. மறுநாள் காலை உணவுத் திட்டம் உள்ளிட்ட அறிவிப்புகள் வந்தன. சோறு வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் கேட்டது சோறா? வேலைப் பாதுகாப்புதான் முதல் கேடயம். அது இல்லாதவன் கையுறை கேட்டால், மறுநாள் வேலை இருக்காது. மேஸ்திரி கழட்டச் சொன்னதும் அக்கா வீட்டுக்காரர் ஏன் பேசாமல் கழட்டிக் கொடுத்தார் என்பதற்கு விடை இதில்தான் இருக்கிறது.

ஆகவே மாணவத் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐ.டி.ஐ.யில், பாலிடெக்னிக்கில், பொறியியல் கல்லூரியில் நம் பிள்ளைகள் இன்று நிறையப் பேர் இருக்கிறார்கள். உங்கள் கல்லூரிப் பட்டறையில் ஒரு லேத் இருக்கும், ஓர் அச்சு இயந்திரம் இருக்கும். ப்ராஜக்ட் என்று ஆயிரம் ரூபாய் கொடுத்துக் கடையில் வாங்கி வைக்காதீர்கள். பக்கத்து நகராட்சித் தொழிலாளியிடம் போங்கள். முதலில் கேளுங்கள், பிறகு செய்யுங்கள். ஏன் கையுறையைக் கழட்டிப் போடுகிறார் என்று கேளுங்கள். வேர்வையில் வழுக்குகிறதா, பெண் கைக்குப் பெரிதாக இருக்கிறதா, கண்ணாடித் துண்டு கிழிக்கிறதா என்று அவர் சொல்வார். முழு அங்கி போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் ஒண்ணுக்குப் போக முடியாமல் நின்ற கதையை அந்த அக்காமார் சொல்வார்கள். அதுதான் உங்கள் பாடம். செய்த வரைபடத்தைப் பூட்டி வைக்காமல் எல்லோருக்கும் திறந்து விடுங்கள். செய்ததோடு நிற்காமல், அதை வழங்குவது நிர்வாகத்தின் கடமை என்று தொழிலாளியோடு சேர்ந்து எழுதிக் கேளுங்கள். நாம் செய்து கொடுப்பது அரசின் பொறுப்பைச் சுமக்க அல்ல, அரசின் சாக்கை உடைக்க.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது அக்கா ஒரு பையை நீட்டினார். உள்ளே அந்தப் பத்தில் மிஞ்சிய ஒன்று. தாள் மஞ்சள் பூத்துவிட்டது, எலாஸ்டிக் தொங்கிவிட்டது. "வச்சுக்கங்க தம்பி, அளவு எடுக்க ஒதவும். அடுத்த நோய் வந்தா மொத கேடயம் யாருக்குன்னு அப்பப் போயி யோசிச்சுக்கிட்டு நிக்காதீங்க."

யோசித்துவிட்டோம் அக்கா. முதல் கேடயம் முதல் வரிசைக்கு.

— ஆசிரியர் குழு